ஐந்தாம், ஆறாம் ஆண்டு பெற்றோருக்கு: அகழாய்வு விளையாட்டு பற்றி

அன்பான பெற்றோர்களே, வணக்கம்.

பழைய நாட்காட்டி அட்டைகளும் பாட்டில் மூடிகளும் வீட்டிலிருந்து எங்கே போகின்றன என்று சிலர் வகுப்புப் புலனக் குழுவில் கேட்டிருந்தீர்கள். எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அகழாய்வு பற்றி ஒரு பலகை விளையாட்டு செய்கிறார்கள். பழங்காலத்தில் இரும்பு உருக்கிய இடமும் உலைக்குக் காற்று ஊதிய மண் குழாய்களும் கிடைத்த சுங்கை பத்து, கெடாவில் நம் பீடோங்குக்குப் பக்கத்தில் இருக்கும்போது வேறு எதைச் செய்வார்கள்!

பலகையில் ஒவ்வொரு கட்டமும் ஒரு குழி. அதில் அட்டைகள் அடுக்காக இருக்கும். அடியில் இருப்பது பழையது. எந்த அடுக்கில் எடுத்தது என்று குறிப்பேட்டில் எழுதாத பொருளுக்குப் புள்ளி கிடையாது. முதலில் 'எடுத்தவருக்கே சொந்தம்' என்றுதான் விதி வைத்திருந்தார்கள். "அப்படின்னா இது புதையல் வேட்டை சார்" என்று ஒரு மாணவி சொன்னதும் மாற்றிவிட்டார்கள்.

எழுத்தைப் படிக்கும் பகுதியில்தான் சண்டை. பகடையில் ஆறு விழுந்தால் கல்வெட்டு புரிந்துவிடும் என்றார்கள் பையன்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தியாவின் பழைய எழுத்தான பிராமி 1837இல் அப்படியா பிடிபட்டது? இந்தியாவில் உள்ள சாஞ்சி பௌத்தத் தூபியில் இருந்த சின்னச் சின்னக் கல்வெட்டுகள் பல, அதே இரண்டு எழுத்துகளில் முடிவதை ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் கவனித்தார். நம் கோயில் மின்விசிறியில் 'உபயம்' என்று எழுதி வைப்பதைப் போல, கொடுத்தவர் பெயரும் 'தானம்' என்ற சொல்லும் அங்கே இருக்கலாம் என்று ஊகித்தார். அதிலிருந்து மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. இப்போது நம் விளையாட்டிலும் அதே வழிதான். ஒருவர் கையில் உள்ள அட்டைகள் போதாது. எதிராளியின் அட்டையோடு ஒப்பிட வேண்டும், அதற்குப் பேரம் பேச வேண்டும். பேரத்தில் நம் பிள்ளைகளை வெல்ல முடியாது.

ஓர் அட்டைக்கு மட்டும் விடை இல்லை. சிந்துவெளி எழுத்தை எல்லாரும் ஏற்கும்படி இன்னும் யாரும் படிக்கவில்லையே, அதனால் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை ஒவ்வொரு குழுவும் ஒரு மாதிரிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வரும். உட்கார்ந்து ஒரு முறையாவது ஆடுங்கள். விடையைக் கைப்பேசியில் தேடிக் கொடுக்க வேண்டாம். எந்த விதி குழப்பியது என்று பெட்டியில் உள்ள தாளில் எழுதி அனுப்புங்கள், மலாயிலும் எழுதலாம். பாட்டி தாத்தாவும் ஆடினால் இன்னும் நல்லது, தாயம் ஆடியவர்கள் ஓட்டையை உடனே கண்டுபிடிப்பார்கள்.

மெர்போக் அருங்காட்சியகப் பயணத்திற்கான அனுமதிக் கடிதத்தையும் அதே பெட்டியில் வைத்தால் போதும். அங்கிருந்து ஒரு செங்கல் துண்டுகூடப் பையில் வரக்கூடாது என்று வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்