பேரை ஏற்றினார்கள், இறக்க யாரிடம் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தங்கச்சிமடத்தில் 14 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், படகுக் காகிதம், பாஸ்போர்ட் விண்ணப்பம், கோர்ட் தீர்ப்பு என்று ராமேஸ்வரம் தீவில் பாதிப் பேருடைய காகிதங்கள் என் கை வழியாகத்தான் போகின்றன. அதனால் தேடப்படுகிறவர் என்று ஏற்றிய பேர் வழக்கு முடிந்த பிறகும் இறங்காமல் கிடக்கும் விஷயத்தை நான் பார்த்த அளவுக்கு வக்கீல்களே பார்த்திருப்பார்களா என்று தெரியாது, அந்த உரிமையில் எழுதுகிறேன்.

'தேடப்படும் குற்றவாளி' என்று படத்தோடு வரும் செய்திகளை உங்கள் பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறேன். அது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தீவிலிருந்து படகில் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் இன்னொரு நாடு, இலங்கை. பீடி இலை, மஞ்சள், கடல் அட்டை, கஞ்சா என்று எது போனாலும் வந்தாலும் இந்த வழிதான், தப்பி ஓடுகிறவனும் இந்த வழியைத்தான் பார்ப்பான். கடலில் புது முகம் தெரிந்தால் முதலில் பார்க்கிறவர்கள் எங்கள் ஆட்கள். படத்தைக் காட்டி 'இவனைப் பார்த்தால் சொல்' என்று கேட்பது சரியான வேலைதான். 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு சிவராசன், சுபா படங்கள் ஒட்டாத சுவர் இல்லை, நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். ஆகஸ்ட் 20-ம் தேதி பெங்களூரு பக்கம் கோணனகுண்டேயில் அவர்கள் பிணமாகக் கிடந்தார்கள் என்று ஊருக்கே தெரிந்த பிறகும், அந்தப் படங்கள் மழையில் கரைந்து தானாக உதிரும் வரை எங்கள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் இருந்தன. ஒட்டினவர்கள் யாரும் கிழிக்க வரவில்லை. அது இறந்தவர்களின் படம், யாருக்கும் நஷ்டம் இல்லை. உயிரோடு இருக்கிறவன் படம் என்றால்?

என் பக்கத்து வீட்டு அண்ணன் கதையைச் சொல்கிறேன். சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருந்தார். தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் 61 நாள்) இங்கே விசைப்படகில் கூலி வேலையும் கிடைக்காது என்று கேரளாவுக்குப் போனார், நீண்டகரையில் ஒரு படகில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார். வள்ளத்தை வாடகைக்கு எடுத்த பையன்கள் பீடி இலை மூட்டையோடு மாட்டினார்கள், வள்ளத்தின் சொந்தக்காரர் என்பதால் இவர் வழக்கில் நாலாவது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். சம்மன் வந்தபோது ஆள் இல்லை. பிறகு பிடிவாரண்ட். அப்புறம் ஒருநாள் கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். வீட்டில் இருந்தது எழுத்துத் தெரியாத அம்மா மட்டும். வீட்டு வரி பாக்கி என்று நினைத்து, மகன் வரும்போது காட்டலாம் என்று அதைப் பிய்த்து மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டார்கள்.

அந்தக் காகிதம்தான் பிரகடனம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 82-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் 84. வாரண்ட் பிறப்பித்தும் ஆள் தலைமறைவு என்று நீதிமன்றம் நம்பினால், குறைந்தது 30 நாள் கொடுத்து 'இந்தத் தேதியில் ஆஜராகு' என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதை அவன் ஊரில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும், வீட்டிலோ ஊரில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்திலோ ஒட்ட வேண்டும், நீதிமன்றச் சுவரிலும் ஒட்ட வேண்டும், வேண்டுமானால் அந்த வட்டாரத்தில் வரும் நாளிதழிலும் போடச் சொல்லலாம். சொத்தை முடக்க அடுத்த பிரிவு இருக்கிறது. ஏற்றுவதற்கு இவ்வளவு ஒழுங்கு. வழக்கு தள்ளுபடியானாலோ, ஆள் ஆஜராகி விடுதலையானாலோ அதே ஊரில் அதே இடத்தில் நின்று 'இவரை இனி யாரும் தேடவில்லை' என்று வாசிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வரி கிடையாது.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்து, வக்கீலோடு போய் சரணடைந்து, ஜாமீன் வாங்கி, வாய்தா வாய்தாவாக அலைந்து கடைசியில் விடுதலையானார். தீர்ப்பை நகல் எடுத்தது நான்தான். கடைசிப் பக்கத்தை மட்டும் தனியாக 20 நகல் கேட்டார், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க. காசு வாங்க மனசு வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை, விசா வந்துவிட்டது. விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். பழைய வழக்கில் யாரோ கேட்டு வாங்கிய லுக் அவுட் நோட்டீஸ் (நாட்டை விட்டுப் போக வந்தால் நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு) கணினியில் அப்படியே இருந்திருக்கிறது. தீர்ப்பு நகல் பையில் இருந்தது, எடுத்துக் காட்டினார், 'எங்களுக்குக் கணினியில் இருப்பதுதான் கணக்கு' என்றார்களாம். அந்த அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன், 2021-ல் மத்திய உள்துறை வகுத்த வழிமுறையே அப்படித்தான். லுக் அவுட் நோட்டீஸ் தானாக நீங்காது, அதைக் கேட்ட அமைப்பே நீக்கச் சொல்லி எழுதும் வரை இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் வருடத்துக்கு ஒருமுறையும் அவர்கள் தங்கள் பட்டியலைப் பார்த்துச் சரி செய்ய வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அண்ணன் விஷயத்தில் அப்படிப் பார்த்திருந்தால் இரண்டு வருடத்தில் எட்டு முறை அவர் பேரில் கண் பட்டிருக்க வேண்டும். விசா போனது, ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் போனது, வட்டி மட்டும் நிற்கிறது. இத்தனைக்கும் ஒரு காவல் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் அவர் படம் இன்னும் தொங்குகிறது. நானே போய்ப் பார்த்தேன். வெயிலில் வெளுத்துவிட்டாலும் மீசையை வைத்து அடையாளம் தெரிகிறது. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் யாரிடமோ அதைக் கேள்விப்பட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

வெளிநாட்டில் எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் 'பத்துப் பேர்' பட்டியல் உலகத்துக்கே தெரியும். 1949-ல் ஒரு செய்தி நிறுவன நிருபர் 'நீங்கள் தேடுவதிலேயே ரொம்ப ஆபத்தான ஆட்கள் யார்' என்று கேட்டு எழுதிய செய்திக்கு நல்ல வரவேற்பு கிடைத்து, 1950 மார்ச் 14-ல் பட்டியலாகவே தொடங்கினார்கள். நாடு முழுக்க உள்ள அவர்களுடைய கிளை அலுவலகங்கள் பேர்களைப் பரிந்துரைக்கும், தலைமையகத்தில் அலசி, கடைசியில் துணை இயக்குநர் ஒப்புதல் தர வேண்டும். ஆள் நீண்ட குற்றப் பின்னணி உள்ளவராகவோ இப்போதைய வழக்கால் சமூகத்துக்குப் பெரிய ஆபத்தாகவோ இருக்க வேண்டும். அதோடு, நாடு முழுக்கப் படம் போடுவதால் பிடிக்க உதவி கிடைக்கும் என்று நம்பிக்கை இருக்க வேண்டும், ஏற்கெனவே வேறு வழியில் ஊரறிந்த ஆளாக இருந்தால் சேர்க்கத் தேவையில்லை. இந்த இரண்டாவது நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. படம் போட்டால் பலன் உண்டா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போடுகிறார்கள். நீண்டகரையில் கூலி வேலை பார்த்த ஒரு வள்ளக்காரர் படத்தைப் பலகையில் மாட்டும் முன் இதை யாராவது கேட்டிருந்தால், அவர் தம்பியிடம் போன் நம்பர் வாங்கியே முடித்திருக்கலாம்.

அந்தப் பட்டியலிலிருந்து பேர் போவதற்கும் காரணங்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பிடிபட வேண்டும், சரணடைய வேண்டும் அல்லது இறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு கைவிடப்பட வேண்டும். அதுவும் இல்லையென்றால், பட்டியலுக்கு உரிய அளவு ஆபத்தான ஆள் இனி இல்லை என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். விக்டர் ஜெரேனா என்பவர் 70 லட்சம் டாலர் கொள்ளை வழக்கில் 1984-ல் ஏறி, பிடிபடாமலேயே 2016-ல் இறக்கப்பட்டார், 32 வருடம். அங்கேயும் தவறு இல்லாமல் இல்லை. ஒரு சிற்றூரின் போலீஸ் தலைவரைக் கொன்றதாகத் தேடப்பட்ட டொனால்ட் வெப் 1999-லேயே இறந்துபோனார், அது தெரியாமல் 2007 வரை பட்டியலில் வைத்திருந்தார்கள், 2017-ல்தான் மனைவியின் வீட்டுக் கொல்லையில் எலும்பைத் தோண்டி எடுத்தார்கள். ஆனாலும் யார் ஏறினார், யார் எப்போது இறங்கினார் என்று யாரும் பார்க்கலாம். பல நாட்டுப் போலீஸும் சேர்ந்த இன்டர்போல் அமைப்பு, ஆளைத் தேடிப் பிடிக்கச் சொல்லி எல்லா நாட்டுக்கும் அனுப்பும் சிவப்பு அறிவிப்புக்கு 5 வருடம்தான் ஆயுள், புதுப்பிக்காவிட்டால் போய்விடும். பேர் உள்ளவரே நீக்கச் சொல்லி அங்கே இருக்கும் தனி ஆணையத்துக்குக் கட்டணமில்லாமல் எழுதலாம்.

உலகம் முழுக்கத் தேடப்படும் ஆளுக்கு அந்த வசதி இருக்கும்போது, விடுதலையான என் அண்ணன் யாருக்கு எழுதுவது? கோர்ட்டில் கேட்டால் தீர்ப்பை அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், நிலையத்தில் கேட்டால் அப்போது இருந்த அதிகாரி மாற்றலாகிவிட்டார் என்கிறார்கள், லுக் அவுட்டுக்கு மேலிடம் என்கிறார்கள். எந்த மேலிடம் என்று கேட்டால் பதில் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. விடுதலைத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் படத்தை எடுத்து, லுக் அவுட்டை நீக்க எழுதி, அந்தக் கடிதத்தின் நகலைச் சம்பந்தப்பட்டவர் கையில் கொடுக்க வேண்டும் என்று மாவட்ட அளவிலாவது ஓர் உத்தரவு வேண்டும். தாமதமானால் யார் பொறுப்பு என்று அதில் பதவியைக் குறிப்பிட வேண்டும். பிரகடனம் ஒட்டின கதவிலேயே விடுதலையையும் ஒட்டட்டும், ஊர் நடுவில் வாசித்தவர்கள் அதே இடத்தில் இதையும் வாசிக்கட்டும். கேட்கிறதுக்கு அவர் அம்மா இன்னும் இருக்கிறார்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. அண்ணன் படம் அப்போது ஒரு பத்திரிகையில் இரண்டு பத்தி அகலத்துக்கு வந்தது. விடுதலையான செய்தி எதிலும் வரவில்லை. 'தேடப்படுகிறார்' என்று படம் போடும் நீங்கள் எல்லோரும், வழக்கு முடிந்ததும் 'தேடப்படவில்லை' என்று அதே அளவில் போடுங்கள். தகவல் உங்களுக்கு வராது என்றால் தீர்ப்பு நகலை நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

அண்ணன் இப்போது வேறொருவர் வள்ளத்தில் பங்குக்குப் போகிறார். இதுவரை 11 மனு போட்டிருக்கிறோம், எல்லாம் என் கடையில் அடித்ததுதான். இந்தக் கடிதம் அச்சில் வந்தால் இதையும் நகல் எடுத்துப் பன்னிரண்டாவது மனுவோடு வைத்து அனுப்புவோம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
தங்கச்சிமடம்.