கும்டாவுக்கு ஒரு திறந்த மடல்: எது முதலில், எது அப்புறம்?

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழும (கும்டா) அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

25 ஆண்டுக்கான போக்குவரத்துத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லை 2022-ல் 5,904 ஆக விரிந்ததில் அரக்கோணமும் காஞ்சிபுரமும்கூட உங்கள் கணக்கில் வந்துவிட்டன. எந்தப் பாதை எந்த ஊர் வழியாகப் போகவேண்டும் என்பதில் எனக்கு வழக்கில்லை. எந்த வேலை முதலில், எது அதற்கப்புறம் என்று முடிவு செய்வது யார்? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 30 அன்று பேருந்து நிலையம் திறந்தாயிற்று. அடுத்த சில வாரங்களில் தென்மாவட்ட பஸ்களும் ஆம்னி பஸ்களும் கோயம்பேட்டிலிருந்து அங்கே போகவேண்டும் என்றார்கள். தாம்பரம்–செங்கல்பட்டு ரயில் பாதை ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலைக்கு மறுபுறம்தான், கூப்பிடு தூரம். ஆனால் பஸ் நிலையம் திறந்தபோது அங்கே ரயில் நிற்க ஒரு நிலையம் இருக்கவில்லை. மெட்ரோவோ விமான நிலையத்தோடு நின்றுவிட்டது. மதுரையிலிருந்து விடியற்காலை வந்து இறங்கும் குடும்பம் மூட்டை முடிச்சோடு மாநகரப் பேருந்தைத் தேடவேண்டியிருந்தது, இல்லையென்றால் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுக்கவேண்டியிருந்தது. ரயில் நிலையமும் ஆகாய நடைபாதையும் பின்னால் வரும் என்றார்கள். பின்னால் ஏன்? பஸ் நிலையத்துக்கு இடம் பார்த்த அன்றைக்கும் ரயில் பாதை அங்கேதானே இருந்தது?

இது புதுக்கதையும் இல்லை. கோயம்பேடு பஸ் நிலையம் 2002-ல் திறந்தது, அதன் வாசலுக்கு மெட்ரோ வந்தது 2015-ல். வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் (மேம்பாலப் பாதையில் ஓடும் நகர ரயில்) 2007-ல் வந்தது. அங்கிருந்து பறங்கிமலை வெறும் ஐந்து கிலோமீட்டர். அதுவரை பாதையை நீட்ட 2008-ல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் சில நூறு மீட்டர் நிலம் கிடைக்காமல் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டி இழுத்தது. புறநகர் ரயிலும் மெட்ரோவும் பறக்கும் ரயிலும் ஒரே இடத்தில் சேரவேண்டிய சந்திப்பு அது!

ரயில்வேயைக் கேட்டால் நிலம் மாநிலத்தின் பொறுப்பு என்பார்கள். நெடுஞ்சாலைத் துறையும் மாநகராட்சியும் மெட்ரோ நிறுவனமும் தங்கள் தங்கள் எல்லைக்கல்லோடு நின்றுகொள்வார்கள். அந்த எல்லைக்கற்களுக்கு நடுவே கிடக்கும் இடத்துக்காகத்தான் உங்கள் குழுமமே உண்டானது. அதற்கும் பொறுமை வேண்டியிருந்தது: சட்டம் 2010-ல், முதல் கூட்டம் 2022 நவம்பரில்.

2025-ல் வந்த 'சென்னை ஒன்' செயலி நல்ல தொடக்கம். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். இதைச் செய்யமுடிந்த உங்களால், கடைசி ரயில் வந்து சேரும் நேரத்துக்கு வாசலில் ஒரு மினி பஸ்ஸை நிறுத்திவைக்க முடியாதா? கடற்கரை–எழும்பூர் நான்காவது ரயில் பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்திய ரயில்வே மறுபடி ஓட்டியது 2024 அக்டோபரில். இனி ஒரு பாதையை மூடினால் அதற்கு மாற்று என்ன என்பதை, மூடுவதற்கு முன்பே, உங்கள் கையெழுத்தோடு அறிவிக்கவேண்டும்.

நடைபாதை விஷயத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவோம் என்று 2014-லேயே கொள்கை வகுத்த ஊர் சென்னை. அகலமான நடைபாதை போட்ட பாண்டி பஜாரைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டோம், சரி. மற்ற தெருக்களில் நடைபாதை மீது டிரான்ஸ்ஃபார்மரும் பைக்கும்தான் நிற்கின்றன. அந்தக் கொள்கை என்ன ஆனது என்று ஒரு பக்கமாவது எழுதாமல், அடுத்த 25 ஆண்டை நம்பச் சொல்வது எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்ட மெட்ரோ பகுதி பகுதியாகத்தான் திறக்கப்போகிறது. ஒவ்வொரு நிலையமும் திறப்பதற்கு ஆறு மாதம் முன்பே, அங்கே நடைபாதை உண்டா, எந்தத் தடப் பேருந்து வரும், சாலையைக் கடக்க வழி எது, யார் பொறுப்பு என்பதைத் தமிழில் ஒரே தாளில் வெளியிடுங்கள். அது தயாராகாத நிலையத்துக்குத் திறப்பு விழா தேதி கொடுக்காதீர்கள். அப்புறம், கருத்துக்கேட்புக் கூட்டத்தைச் சென்னையில் ஒரு வேலைநாள் காலையில் வைத்து முடித்துவிடவேண்டாம். அரக்கோணத்தில், ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வையுங்கள். மற்ற நாட்களில் அந்த ஊர்க்காரர்கள் ரயிலில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
புறநகர்ப் பயணி ஒருவர்