டிஸ்க் டிரைவைக் கன்சோலுடன் ஜோடி சேர்க்கும் மென்பொருள்: கேம் கன்சோல் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

உங்களில் ஒருவர் தயாரித்த கன்சோலின் டிஸ்க் டிரைவை வீட்டு மேசையிலேயே இருமுறை பழுது பார்த்து, மூன்றாம் முறை தோற்றுப்போனவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான்: மாற்று டிரைவைக் கன்சோலுடன் ஜோடி சேர்க்கும், அதாவது கன்சோல் அதைத் தன்னுடையதாக ஏற்கச் செய்யும் மென்பொருளைக் கன்சோலை வாங்கியவரிடமே கொடுத்துவிடுங்கள்.

முதல் பழுது எளியது. டிரைவ் டிஸ்க்கை உள்ளே இழுக்கும், சில நொடிகள் சுழற்றும், டிக் டிக்கென்று தடுமாறும், பிறகு வெளியே தள்ளிவிடும். மின்இணைப்பைத் துண்டித்துத் திறந்து பார்த்தபோது லென்ஸின் மேல் புகை படிந்ததுபோல் தூசி. லென்ஸ் நகரும் தண்டில் இருந்த கிரீஸ் பிசினாக இறுகியிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் லென்ஸை அழுத்தாமல் துடைத்து, தண்டுக்கு ஒரு பொட்டு புதிய கிரீஸ் வைத்ததும் கேம் ஓடியது.

இரண்டாவது முறை கோளாறு சற்று விசித்திரமாக இருந்தது. டிவிடி படங்கள் தடையின்றி ஓடின. ப்ளூ-ரே டிஸ்க்கில் வந்த கேம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. டிவிடியை 650 நானோமீட்டர் சிவப்பு லேசரும், ப்ளூ-ரேயை 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசரும் படிக்கின்றன என்பதால், ஒன்று ஓய்ந்த பிறகும் மற்றது உழைத்துக்கொண்டிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாற்று லேசர் வாங்கினேன். அதன் பட்டைக் கேபிளில் மிளகளவுகூட இல்லாத ஓர் ஈயப்பொட்டு இருந்தது. நிலைமின்சாரம் லேசரைக் கெடுத்துவிடாதிருக்க வைக்கப்படும் காப்பு அது. பொருத்திய பிறகு அதை உருக்கி எடுக்காவிட்டால் லேசர் எரியாது. உங்கள் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எப்படியோ தெரிந்துகொண்டு எடுத்தேன், டிரைவ் உயிர்பெற்றது.

மூன்றாம் முறை நடந்தது முழுக்க என் தவறு. டிரைவின் சிறிய மின்சுற்றுப் பலகையிலிருந்து கேபிளைக் கழற்றும்போது, அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் தாழ்ப்பாளை அவசரத்தில் நெம்பினேன். அது பலகையின் செப்புத் தடங்களையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. இதே மாதிரி டிரைவ் ஒன்றைப் புதிதாக வாங்கிப் பொருத்தினேன். அது டிஸ்க்கை உள்ளே இழுத்துக்கொள்கிறது, ஆனால் எந்தக் கேமையும் திறக்க மறுக்கிறது. காரணம் உங்களுக்குத் தெரியும்: டிரைவின் பலகையும் கன்சோலின் முதன்மைப் பலகையான மதர்போர்டும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டவை. லேசரையும் மோட்டாரையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், பழைய பலகை உயிரோடு இருக்கும் வரை. அது போய்விட்டால் டிரைவ் மட்டுமன்றி அலமாரியில் அடுக்கியிருக்கும் டிஸ்க்குகள் அத்தனையும் போய்விடுகின்றன. கேம் முழுவதும் ஹார்டு டிஸ்க்கில் பதிந்திருந்தாலும், டிஸ்க் உள்ளே இருக்கிறதா என்று பார்த்த பின்பே கன்சோல் அதைத் திறக்கிறது. தாழ்ப்பாளை உடைத்த என் அவசரத்துக்கு நான் ஒரு டிரைவின் விலையைக் கொடுத்துவிட்டேன். கன்சோலின் விலையையும் கொடு என்பது எந்தக் கணக்கு?

இந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதை நான் மறுக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் காலத்தில் டிரைவின் உள்மென்பொருளை மாற்றி எழுதி நகல் டிஸ்க்குகளை ஓட்டினார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு நீங்கள் எச்சரிக்கையாக இருப்பது இயல்பே. ஆனால் நான் கேட்பது பூட்டை அகற்றும்படி அல்ல, உண்மையான டிரைவ் ஒன்றுக்கு மறுசாவி தரும்படி. அது முடியாத காரியம் என்று சொல்லவும் இனி வழியில்லை. 2023-இல் வெளிவந்த, சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோலின் மெலிந்த வடிவத்தில் டிரைவ் தனியே கழற்றி மாட்டக்கூடியது. வாங்கியவரே வீட்டில் மாட்டி, இணைய இணைப்பின் வழியாக ஜோடி சேர்த்துக்கொள்கிறார். விற்பனைக்காகத் திறக்க முடிந்த வாசலைப் பழுதுக்காகத் திறக்க முடியாதா? (அந்த ஏற்பாட்டிலும் எனக்கு ஒரு குறை உண்டு. ஜோடி சேர்க்கும் சர்வரை என்றாவது நீங்கள் நிறுத்தினால், பெட்டி பிரிக்காத டிரைவும் வெறும் பிளாஸ்டிக்தான். ஆகவே இணையம் இல்லாமலும் அதைச் செய்ய ஒரு வழி வேண்டும்.)

சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்று காத்திருப்பதிலும் பயன் தெரியவில்லை. அமெரிக்காவில், பழுதான டிஸ்க் டிரைவை மாற்றுவதற்காகக் கன்சோலின் மின்னணுப் பூட்டைத் தாண்டிச் செல்ல அப்படித் தாண்டுவதைத் தடுக்கும் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து 2021-இல் விதிவிலக்கு அளித்தார்கள். ஆனால் அதற்கான கருவியைப் பிறருக்கு வழங்குவதற்கு அந்த விலக்கு பொருந்தாது. சொந்தமாகக் கருவி செய்யத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைத்த உரிமை அது; நான் அவர்களில் ஒருவன் அல்லன். 2023-இல் மின்னணுச் சாதனங்களைப் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் இயற்றிய கலிஃபோர்னியாவும் மினசோட்டாவும் கேம் கன்சோல்களை அதிலிருந்து ஒதுக்கிவைத்தன. ஆகவே நீங்களாக மனம் வைத்தால்தான் உண்டு.

ஜோடி சேர்க்கும் வசதியைக் கன்சோலின் அமைப்புப் பட்டியலிலேயே வையுங்கள். அதை உரிமையாளரின் கணக்கோடு பிணைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. மாற்று டிரைவையும் அதன் பலகையையும் உதிரிபாகமாக விற்பனைக்கு விடுங்கள். லேசரை நேரே பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடு, அந்த ஈயப்பொட்டைப் பற்றிய வரியும் சேர்ந்த பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றை வெளியிடுங்கள்.

நான் வாங்கிய டிரைவைக் கழற்றி, வந்த உறையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் அனுமதித்தால் அதை மாட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். இந்த முறை தாழ்ப்பாளில் கவனமாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கன்சோல் ஒன்றின் உரிமையாளன்