குட்டிங்களுக்கு வீடு தேட ஒரு ஓரம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன் இறங்குற இடத்துலயெல்லாம் நாய்க்குட்டிங்க நிறைய சுத்துது. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, கழிவு மீனும் பெருசா கிடைக்காது, பசி தாங்காம அதுங்க மெயின் ரோட்டுக்கு வந்து வண்டில அடிபட்டு சாகுது, பார்க்கவே மனசு கேக்கல.

முழுசா தத்தெடுக்க முடியாதவங்க நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும் கொஞ்ச நாள் வச்சுப் பாத்துக்கலாமே. குடல் பூச்சி மருந்து குடுத்து, ஆறு எட்டு வாரத்துல பார்வோங்கிற வாந்தி பேதி வைரஸ் நோய்க்கு தடுப்பூசி, மூணு மாசத்துல வெறிநாய் ஊசின்னு போட்டாலே பாதி ஆபத்து போயிடும், அதோட நாய்க்குட்டி வீட்டுப் பிள்ளைங்க கூட எப்படி பழகுது, சத்தத்துக்கு பயப்படுதான்னு எல்லாம் வீட்ல வச்சிருந்தாத்தான் தெரியும். அதைச் சொல்லிக் குடுத்தா எடுத்துட்டுப் போறவங்க திரும்பக் கொண்டாந்து விடமாட்டாங்க.

ஆனா கேக்குறவங்க எல்லாருக்கும் தூக்கிக் குடுத்துடக் கூடாதுங்க. வாடகை வீடா, ஓனர் சம்மதிச்சாரா, ஊருக்குப் போனா யாரு சோறு வைப்பா, வளந்ததும் கருத்தடை பண்ணுவாங்களான்னு கேக்கணும், மொட்டை மாடில சங்கிலி போட்டு கட்டி வைக்கிறதுக்கு பேரு வளர்ப்பு இல்ல. பொட்டைக்குட்டின்னு ஒதுக்குறதும் ரொம்ப தப்பு.

உங்க பேப்பர்ல ராமநாதபுரம் செய்தி வர்ற பக்கத்துல வாரம் ஒருதடவை வீடு தேடுற குட்டிங்க போட்டோ போட்டா பெரிய உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மண்டபம்