காலை நீட்டுங்கள், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

கண்ணில் புரை விழுந்ததிலிருந்து உங்களால் படிக்க முடிவதில்லை என்று தெரியும். பேத்தி போனில் இதைத் திறந்து வாசித்துக் காட்டுவாள். நாலு பேர் படிக்கிற இடத்தில் நம் வீட்டுச் சங்கதியை எழுதுகிறேனே என்று கோபப்படாதீர்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உங்களைப் போல எத்தனையோ அத்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் யாராவது வாசித்துக் காட்டட்டும்.

ஜூன் மாதம் நீங்கள் விழுந்த கதையை உங்கள் மருமகள் என்னிடம் சொல்லவில்லை. நீங்களேதான் சொன்னீர்கள். விடியற்காலை நாலு மணி, குளியலறையில் ஈரத்தரை. இடுப்பு வலியில் எழுந்திருக்க முடியவில்லை. வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆறரை மணிக்கு மருமகள் வந்து கதவைத் தட்டும்வரை, இரண்டரை மணி நேரம், ஒரு சத்தம் இல்லை. "அவ பாயான் லெப்பாஸ்ல ரெண்டாவது ஷிப்ட் முடிச்சுட்டு ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் வந்து படுத்தா. எப்படிம்மா எழுப்புறது? செபமாலை சொல்லிக்கிட்டுப் பொறுமையா இருந்தேன்" என்றீர்கள். எலும்பில் கீறலோடு போயிற்று, ஆண்டவருக்கு நன்றி. ஆனால் அதைச் சொன்னபோது உங்கள் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது, அத்தை. அந்த நிறைவுதான் இரண்டு மாதமாக என்னைத் தூங்க விடவில்லை.

உங்கள் பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பள்ளி விடுமுறைக்கு நிபோங் திபால் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் இருட்டோடு உங்கள் பின்னாலேயே வருவேன். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நீங்கள் ரப்பர் மரத்தைச் சுற்றிக் கத்தியை இழுக்கிற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பட்டையை நூல் கனத்துக்குச் சீவுவீர்கள். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுவிடும், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே வெட்ட முடியாது என்று சொல்லிக்கொடுத்தீர்கள். வெட்டிவிட்டால் பிறகு காத்திருக்க வேண்டியதுதான். பால் அதன் வேகத்தில்தான் மங்குக் கிண்ணத்தில் சொட்டும். மழை வந்தால் அன்றைக்கு வேலையே இல்லை, சம்பளமும் இல்லை. நீங்கள் வானத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள். மாமா படுக்கையில் கிடந்த நாலு வருடமும் அப்படித்தான் இருந்தீர்கள். கோயிலில் எல்லாரும் உங்களை, பைபிளில் எத்தனையோ துன்பத்தைத் தாங்கிய யோபு என்றார்கள்.

யோபுவைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? நாம் யோபு என்றதும் சாம்பலில் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரைத்தான் நினைக்கிறோம். அவர் வாய்மூடி இருந்தது ஏழு நாள். மூன்றாம் அதிகாரத்தில் வாயைத் திறந்தவர், தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதிலிருந்து பல அதிகாரங்கள் அவருடைய முறையீடுதான். நியாயம் கேட்கிறார், கத்துகிறார், கடவுளையே வழக்குக்குக் கூப்பிடுகிறார். அப்படிப்பட்டவரைத்தான் யாக்கோபு தன் திருமுகத்தில் பொறுமைக்கு உதாரணமாகக் காட்டுகிறார். யோபு ஆண்டவரை விட்டுப் போகவில்லை, அதே சமயம் வலியை மறைக்கவும் இல்லை. உங்கள் வீட்டுக் குளியலறையில் யோபு விழுந்திருந்தால் ஆயர் ஈத்தாம் ஃப்ளாட் முழுவதும் கேட்டிருக்கும்.

அத்தை, அந்த இரண்டரை மணி நேரத்தைப் பொறுமை என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒருவருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்ற வைராக்கியம் அது. எண்பத்து நாலு வயதுவரை உங்களை நிமிர்த்தி வைத்தது அந்த வைராக்கியம்தான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மருமகள் கதவைத் திறந்து உங்களை அந்தக் கோலத்தில் பார்த்தபோது அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? "என்னைக் கூப்பிடக்கூட அவங்களுக்குத் தோணலையே சித்தி" என்று என்னிடம் அழுதாள். அவளுக்கு வலித்தது அதுதான்.

பெரிய வியாழன் ஒன்று நினைவுக்கு வருகிறது. இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து ஃபாதர் அன்று கோயிலில் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார், அதில் ஒருவராக மாமாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்று மத்தியானத்திலிருந்து மாமா மூன்று முறை கால் கழுவினார். லக்ஸ் சோப்பு போட்டு, தேங்காய் நார் வைத்துக் குதிகாலைத் தேய்த்தார். என்னைக் கூப்பிட்டு நகம் வெட்டச் சொன்னார். புதுச் சாக்ஸ் வேறு. ஃபாதர் கழுவுவதற்கு அந்தக் காலில் ஒரு தூசி மிச்சமில்லை. நாம் எல்லாருமே அப்படித்தான், கழுவிய காலைத்தான் கழுவக் கொடுக்கிறோம்.

அப்புறம் 2016இல் போப் பிரான்சிஸ் அந்தச் சடங்கில் பெண்களும் உட்காரலாம் என்று விதியை மாற்றினார். அடுத்த வருடமே ஃபாதர் உங்களைக் கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "என் காலைச் சாமியார் தொடுறதா? வேணவே வேணாம் ஃபாதர்." தோட்டத்துச் சேற்றில் வெடித்துப்போன குதிகால் உங்களுக்கு. அதை ஊரறியக் காட்டக் கூச்சம். அன்றைக்கு நான்கூட, எவ்வளவு தாழ்மை என்று நினைத்தேன். ஆனால் இயேசு காலைக் கழுவ வந்தபோது சீடர் பேதுரு சொன்னதும் அதே வார்த்தைதானே? நீர் என் காலைக் கழுவ விடவே மாட்டேன் என்றார். அதற்கு இயேசு அவரைப் பாராட்டவில்லை. கழுவவிடாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று கண்டிப்பாகச் சொன்னார். காலைக் கொடுப்பது அவ்வளவு பெரிய காரியமா என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை.

அதே பேதுருவிடம்தான், உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் இயேசு இன்னொன்றும் சொல்கிறார். இளமையில் நீயே இடையைக் கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய், வயதானபோது நீ கைகளை நீட்டுவாய், வேறொருவர் உன்னைக் கட்டி நீ விரும்பாத இடத்துக்குக் கூட்டிப்போவார். பேதுரு எப்படிச் சாவார் என்பதைக் குறித்துச் சொன்னது என்று யோவானே எழுதியிருக்கிறார். சரி. ஆனால் உங்கள் மருமகள் உங்களுக்கு நைட்டியைத் தலைவழியாகப் போட்டு, இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, பொத்தானை மாட்டிவிட்டபோது நான் வாசலில் நின்று பார்த்தேன். நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அந்த வசனம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. முதலில் காலை நீட்டப் பழகாத பேதுருவால் கடைசியில் கையை நீட்டியிருக்க முடியாது.

பத்து லஞ்சாங்கில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குச் சனிக்கிழமைகளில் போவீர்களே, நினைவிருக்கிறதா? ஒரு சீனத் தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது "சியா, சியா" என்று ஹொக்கியனில் கெஞ்சுவீர்கள். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டால், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புலம்புவீர்கள். அந்தச் சபையைத் தொடங்கிய ஜான் ஜுகான் அம்மாவின் கதையை அங்கேதான் முதலில் கேட்டோம். 1839, பிரான்சில் குளிர்காலம். கண் தெரியாமல், கைகால் விழுந்து கிடந்த ஆன் என்ற ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் தான் பரணில் படுத்துக்கொண்டார். சபை அங்கே பிறந்தது. பிற்பாடு ஒரு குருவானவர் அவரைத் தலைமையிலிருந்து விலக்கி ஓரங்கட்டினார். கடைசி 27 வருடம் ஒரு பொறுப்பும் இல்லாமல் இருந்தார். கூட வாழ்ந்த இளம் கன்னியர் பலருக்கு, சபையைத் தொடங்கியவர் இவர்தான் என்பதே தெரியாது. 1879இல் 86 வயதில் இறந்தார். 2009இல்தான் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

நாம் எப்போதும் தூக்கியவரைப் பற்றித்தான் பேசுகிறோம். நான் இப்போதெல்லாம் அந்த ஆன் பாட்டியைத்தான் நினைக்கிறேன். "வேணாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம், நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன்" என்று அந்தக் கிழவி சொல்லியிருந்தால்? பத்து லஞ்சாங்கில் அந்தச் சீனத் தாத்தாவுக்குக் கட்டில் இருந்திருக்குமா? ஆன் பாட்டி வேறொன்றும் செய்யவில்லை. தன்னைத் தூக்கவிட்டார்.

தமிழ் வாத்தியாராக இருந்தவள் சொல்கிறேன், பொறுமை என்ற சொல்லின் வேரிலேயே சுமை இருக்கிறது. பொறை என்றால் பொறுமை, பொறை என்றால் பாரமும்தான். இத்தனை வருடம் நீங்கள் சுமந்தீர்கள். நரைக்கும் வயதுவரை நானே சுமப்பேன் என்று இறைவாக்கினர் எசாயா வழியாக ஆண்டவர் சொல்கிறாரே, அவர் எந்தக் கையால் சுமப்பார்? ரெண்டாவது ஷிப்ட் முடித்துவிட்டு வரும் ஒரு பெண்ணின் கையைத் தவிர உங்கள் வீட்டில் அவருக்கு வேறு எந்தக் கை இருக்கிறது?

இந்த ஜூலை 26 புனித அன்னாள் திருவிழாவுக்கு நீங்கள் புக்கிட் மெர்தாஜாம் போகவில்லை. எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் முறை. பேரன் வீல்சேரை இரவல் வாங்கி வந்து துடைத்து வைத்திருந்தானாம். "தள்ளிக்கிட்டுப் போறதுன்னா போகவே வேணாம்" என்றீர்களாம். ஒவ்வொரு வருடமும் மலைச்சரிவில் அந்த 1888ஆம் வருடத்துப் பழைய கோயிலுக்கு மெழுகுவர்த்தியோடு ஏறினவர். வீல்சேரில் எத்தனை பேர் அங்கே வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? அந்தக் கோயிலே இயேசுவின் பாட்டியின் கோயில்தானே, அத்தை. அவர் உங்களை எதிர்பார்த்திருப்பார்.

எனக்கும் 64 ஆகிறது. போன வருடம் என் மகன், இனி இரவில் கார் ஓட்டவேண்டாம் என்று சாவியை எடுத்துக்கொண்டான். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. செந்தூலிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போய்வர ஒருவர் தயவை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறதே என்று அழுதேன். நாலாம் நாள் அவனே வந்து, "அம்மா, செபக்கூட்டத்துக்கு நேரமாச்சு" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். வழியில் அவன் வேலையில் படும் கஷ்டத்தைச் சொன்னான். சாவி என் கையில் இருந்த வரைக்கும் அவன் அதை என்னிடம் சொன்னதில்லை. எனக்கு இதெல்லாம் சுலபமாக வந்துவிடவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு அழைப்பு மணி வாங்கி அனுப்பியிருக்கிறேன். கதவில் மாட்டுகிற மணிதான், வயர் கிடையாது. மணியை மருமகள் அறையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பொத்தானைக் கயிற்றில் கோத்திருக்கிறேன், உங்கள் கழுத்துச் செபமாலையோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். குளிக்கும்போதும் கழற்றாதீர்கள், தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாத பொத்தானாகப் பார்த்துத்தான் வாங்கினேன். ராத்திரி ரெண்டு மணியானாலும் அழுத்துங்கள். தாகமாக இருந்தாலும் அழுத்துங்கள்.

வரும் சனிக்கிழமை காலை ரயிலில் பட்டர்வொர்த் வந்து, ஃபெரி பிடித்து மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். மருமகளிடம் வெந்நீர் மட்டும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பேசின் பாத்திரமும் நல்லெண்ணெயும் நான் எடுத்து வருகிறேன். அவள் ஒரு காலுக்கு, நான் ஒரு காலுக்கு. மாமா மாதிரி நான் வருவதற்குள் நீங்களே கழுவி, தேய்த்து, நகம் வெட்டி வைத்துவிடாதீர்கள், அத்தை. அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து