நடக்கிற ஆளுக்கு நிழல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு புதுக் கட்டடம் எழும்பினால் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம், மூன்று மாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, இரவில் கலர் லைட். போர் முடிந்து 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது இந்த இடமெல்லாம் தகரமும் தறப்பாளும்தான், சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொண்டுதான் பஸ்ஸால் இறங்கினோம். அதனால் புதுக் கட்டடங்களைக் கண்டால் எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அதன் முன்னால் நடந்து போகிறவருக்கு என்ன கிடைக்கிறது?

போன கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அம்மாவைப் பாமசிக்குக் கூட்டிப் போனேன். எழுபது தாண்டிய ஆள், முழங்கால் வருத்தம். ஒரு கடையின் படிகள் நடக்கிற இடத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தன, சுற்றிப்போக வீதியில் இறங்கினோம், பின்னால் லொறி ஹோர்ன் அடித்தது. அடுத்த கடை வாசலில் மோட்டார் சைக்கிள்கள். அதற்கு அடுத்து கானுக்கு மேல் ஒரு சிலாப்பைக் காணவில்லை. நிழல் என்று ஒரு முழம் இல்லை.

பிறகு ஒரு பழைய தகரக் கூரைக் கடை வந்தது. முன்னுக்கு ஆறடி விறாந்தை, தூணில் கதலிக் குலை, ஒரு மர வாங்கு. அம்மா ஒன்றும் சொல்லாமல் போய் இருந்துவிட்டார். "இருங்கோ அம்மா, வெயில் தணியட்டும்" என்று கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அவ்வளவு தூரத்தில் எங்களை மனிதராக நினைத்துக் கட்டிய கட்டடம் அது ஒன்றுதான்.

நடக்கிற ஆள் மணிக்கு ஐந்து கிலோமீற்றர்தான் போவார். 50 மீற்றர் மதில் என்றால் அரை நிமிடத்துக்கு மேல் வெறும் சீமெந்தைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். அதே தூரத்தில் எட்டுப் பத்துச் சின்னக் கடைகள் இருந்தால் தையல் மெசின் சத்தம், வடை வாசம், தெரிந்த முகம் ஒன்று, தூரமே தெரியாது. மாடியும் பெரிய பெயர்ப்பலகையும் வாகனத்தில் போகிறவருக்கு. டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் 1962இல் ஸ்ட்ரோகெட் என்ற கடைத்தெருவை நடப்பவர்களுக்கே விட்டார்கள், சனம் எங்கே நிற்கிறது, எங்கே குந்தியிருக்கிறது என்று யான் கெல் என்ற கட்டடக் கலைஞர் அங்கே வருசக்கணக்காகக் கவனித்தார். ஏ9ஐ மூடச் சொல்லவில்லை, யாழ்ப்பாணம் போகிற வழி அது. கவனிப்பதை நாமும் செய்யலாம்.

இந்த வீதி ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. கிழக்குப் பக்கக் கடைகளெல்லாம் மேற்கு பார்த்தவை, பின்னேர வெயில் நேரே கண்ணாடியில் அடிக்கும். உள்ளே ஏசி போட்டு, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டிவிடுகிறார்கள், பிறகு அந்தக் கண்ணாடியால் யாருக்கு என்ன பயன்? சோளகம் தொடங்கினால் புழுதியும் சேரும்.

அனுமதி கொடுக்கிற அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கட்டட அனுமதி கொடுக்கும்போது கீழ்த்தளத்தின் முன்னால் ஆறடி விறாந்தை கேளுங்கள், பக்கத்துக் கடையோடு ஒரே மட்டமாக. படி அவரவர் காணிக்குள் இருக்கட்டும். குறுக்கு வீதிகளில் மாரி தொடங்கும்போது வேம்பு வைத்து, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளும் வையுங்கள்.

அந்தத் தகரக் கடையையும் அடுத்த வருசம் இடித்து மாடி கட்டப்போகிறார்களாம். விறாந்தை இருக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். "எனக்கு விருப்பம்தான், பிளான் கீறுகிற தம்பியிட்ட நீங்களும் ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். அந்தத் தம்பியும் உங்கள் பத்திரிகை வாசிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி