சேமக்காலைப் படலை திறந்துவிட்ட எல்லாருக்கும்

அன்பான உறவுகளுக்கு,

மாரி ஓய்ந்து தரை காய்ந்த நாளிலிருந்து நாங்கள் சிலர் இலங்கையின் வடக்கே வன்னியில், கிறிஸ்தவர்களின் சேமக்காலைகளிலும் முஸ்லிம்களின் மையவாடிகளிலும் பொது மயானங்களிலும் உள்ள கல்லறைக் கற்களைப் படம் எடுத்து வருகிறோம். தங்கள் பூட்டனும் பூட்டியும் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள் என்று தேடுகிற பிள்ளைகளுக்காக இந்த வேலை. அவர்களில் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்கள் உண்டு, புத்தளத்திலும் நீலகிரியிலும் இருப்பவர்கள் உண்டு, பக்கத்து ஊரிலேயே இருந்துகொண்டு இடம் தெரியாமல் தவிப்பவர்களும் உண்டு. நீங்கள் கைகொடுத்திராவிட்டால் ஒரு கல்லைக்கூட எங்களால் ஒழுங்காகப் பதிந்திருக்க முடியாது. உங்களில் பலருக்கு நேரில் நன்றி சொல்ல வாய்க்கவில்லை. அதனால் இந்த மடல்.

பங்குத்தந்தையருக்கும் மூப்பர்மாருக்கும் முதலில். முன்பின் தெரியாத பிள்ளைகள் கமராவோடு சேமக்காலைக்குள் வந்து நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். எங்கள் பக்கத்தில் எதைப் படம் எடுத்தாலும் ‘யார் கேட்டு எடுக்கிறீங்கள்’ என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய காரணங்களும் இருக்கின்றன. நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டீர்கள், பிறகு ஞாயிறு பூசை முடிவில் நீங்களே அறிவித்தீர்கள்: ‘உங்கட ஆக்களின்ர கல்லைப் படம் எடுக்க வேண்டாம் எண்டால் தயங்காமல் சொல்லுங்கோ.’ சில குடும்பங்கள் வேண்டாம் என்றன. அந்தக் கற்களை நாங்கள் தொடவில்லை. அந்த அறிவிப்புக்குப் பிறகுதான் ஊர் எங்களை நம்பியது. மயானங்களுக்கு அனுமதி தந்த பிரதேச சபை ஊழியர்களுக்கும், எந்தக் காணி எவருடையது என்று கூடவே நடந்து காட்டிய விதானைமாருக்கும் (கிராம அலுவலர்கள்) இதே நன்றி.

பற்றை வெட்டிய கைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த ஊர்களில் சேமக்காலை காடாகிவிடும். எருக்கலையும் நாயுருவியும் உடைமரமும் மூடிக் கிடக்கும், கல் எங்கே மண்மேடு எங்கே என்றே தெரியாது. மாதர் சங்கத்து அக்காமார் கத்தியும் மண்வெட்டியுமாக விடியவே வந்து விடுவார்கள். வெயில் ஏற முன் வெட்டி முடிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அவர்களில் பலர் கணவனை இழந்தவர்கள், சிலருக்குக் கணவன் எங்கே என்றே தெரியாது. தங்களுக்கென்று ஒரு கல்லும் இல்லாத இடத்தில் மற்றவர்களின் கற்களைத் துப்புரவு செய்து தந்தார்கள். அதை நாங்கள் சாகும்வரை மறக்க மாட்டோம். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் தொழிலாளர்கள், எந்த வரம்பு வரை கால் வைக்கலாம், எதற்கு அப்பால் கூடாது என்று காட்டித் தந்தார்கள். மண்டையோட்டுப் பலகை நிற்கிற இடத்துக்கு அப்பாலுள்ள கற்கள் இருக்கட்டும், அவை பிறகு.

படம் எடுக்கும் முறையையும் நீங்கள்தான் எங்களுக்குப் பழக்கினீர்கள். வன்னியில் பழைய கல்லறைகளில் பெரும்பாலானவை சீமெந்துதான். ஈரச் சீமெந்தில் ஆணியாலோ குச்சியாலோ கீறிய எழுத்து. கறுப்புக் கல்லில் படம் பதித்த கல்லறைகள் எல்லாம் பிந்தி வந்தவை. கீறிய எழுத்து உச்சி வெயிலில் தெரியவே தெரியாது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது நிழல் பள்ளத்தில் தங்கும், எழுத்து தானாக எழும்பி வரும். மரநிழலில் கிடக்கும் கல்லுக்கு முகக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அடி என்று காட்டித் தந்தவர் ஒரு வயதான மேசன். அவரே இன்னொன்றும் சொன்னார்: கம்பித் தூரிகை வேண்டாம், குளோரின் வேண்டாம், சோக்கால் எழுத்தை நிரப்பவும் வேண்டாம், பச்சைத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். எழுத்து ஒருமுறை உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். இந்த வேலையைச் செய்ய விரும்பும் எவருக்கும் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். அப்புறம், கல்லை மட்டும் கிட்ட எடுக்காமல் பக்கத்துக் கல்லறைகளும் தெரிய ஒரு படம் எடுங்கள். போனில் ஜி.பி.எஸ். போட்டு இடத்தையும் பதியுங்கள். யாருக்குப் பக்கத்தில் யார் என்பதில் பாதி உறவுமுறை இருக்கிறது.

எழுத்து தெரிந்தாலும் அதை வாசிக்க ஊர்ப் பெரியவர்கள் வேண்டும். ஒரு கல்லில் ‘விரோதி வருடம் ஆடி’ என்று மட்டும் இருந்தது. தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். விரோதி என்றால் 1889ஆகவும் இருக்கலாம், 1949ஆகவும் இருக்கலாம். அந்தக் கல்லுக்குரிய அம்மாவின் பேத்தி தன் தாய் பிறந்த வருடத்தைச் சொல்லி, அப்போது அம்மம்மா உயிரோடு இருந்தவர் என்றும் சொன்ன பிறகுதான் 1949 என்று உறுதியானது. அந்தப் பேத்தியும் இப்போது ஆச்சிதான், அவருக்கு எங்கள் நன்றி. ஒரு பிற்பகல் முழுக்க எங்களோடு இருந்து, பிளேன்டியும் தந்து, தன் குடும்பத்தையே நான்கு தலைமுறைக்குச் சொல்லித் தந்தார். அவருடைய ஊரில் இன்னும் பலரின் பெயர்கள் அவர் வாயில் மட்டும்தான் இருக்கின்றன.

கிளிநொச்சிப் பக்கத்து மயானம் ஒன்றில் பிறப்பிடம் என்று மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெயரும், வதிவிடம் என்று பாரதிபுரமும் பொறித்த ஒரு கல் நின்றது. அதன் படத்தை அனுப்பிய பிறகு நீலகிரியின் கோத்தகிரியிலிருந்து ஒருவர் போனில் பேசினார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருடைய பாட்டனார் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். பாட்டனாரின் தங்கை இங்கேயே நின்றுவிட்டார். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர், பிறகு கடிதமும் நின்றுபோனது. தேடியது அந்தத் தங்கையைத்தான். போனில் அவர் அழுதார், எங்களுக்கும் பேச்சு வரவில்லை. ஆனால் அந்தக் கல்லுக்கு உரிய பிள்ளைகளைக் கண்டுபிடித்து அவரோடு பேச வைத்தவர் பாரதிபுரத்தில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். எங்களைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டவர் அவர்தான். பெற்றோல் காசும் வாங்கவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் உறவுகளின் மையவாடிகளில் வேறு விதமான வேலை. புதைகுழியில் நடும் மீசான் கட்டைகளில் பெரும்பாலும் பெயர் இருப்பதில்லை. தண்ணீரூற்றுப் பக்கம் ஒரு பெரியவர், பள்ளிவாசலில் அனுமதி வாங்கித் தந்து, இது யாருடைய கபுறு, அது யாருடையது என்று நினைவிலிருந்து சொல்லிக்கொண்டே நடந்தார். நாங்கள் படத்தோடு அவர் குரலையும் பதிந்தோம். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் குரல் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஐயா, உங்களுக்கு நீண்ட ஆயுள் வேண்டும்.

சைவக் குடும்பங்களில் தகனம்தான் வழக்கம் என்பதால் கல் தேடிப் போனால் குறைவாகவே கிடைக்கும். அங்கே எங்களுக்குக் கைகொடுத்தவை இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த ‘கல்வெட்டு’ என்னும் நினைவுப் புத்தகங்கள். இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் உடுப்பை விட்டுவிட்டு அதைப் பையில் வைத்துக் காவிய குடும்பங்கள் உண்டு. பிறந்த ஊர், கலியாணம் முடித்த ஊர், சகோதரர், மருமக்கள், பேரர், திதி வெண்பா எல்லாம் அதில் இருக்கும். ஒரு கல்லைவிட அதிகமாக அது சொல்லும். தந்து உதவிய எல்லாருக்கும் நன்றி. இன்னும் வீட்டில் வைத்திருப்பவர்கள் ஒரு பிரதியை 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனத்துக்கும் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பதிவில் பெரிய இடைவெளிகள் இருக்கின்றன, அதையும் மறைக்கக் கூடாது. முல்லைத்தீவுக் கரையில் சுனாமி அடித்த 26.12.2004 என்ற ஒரே திகதி கல்லுக்குக் கல் வருகிறது. ஆனால் இறுதிப் போர் நடந்த 2009இன் முதல் மாதங்களுக்குக் கல்லே இல்லை. பதுங்குகுழி ஓரத்திலும் வடலிக்குக் கீழும் கடற்கரை மணலிலும் புதைத்துவிட்டு நடந்தவர்களிடம் எந்தக் கல்லைக் காட்டச் சொல்வது? போராளிகளைப் புதைத்த மாவீரர் துயிலும் இல்லங்களில் வரிசையாக நின்ற கற்கள் போருக்குப் பிறகு உடைத்துத் தள்ளப்பட்டன. உடைந்த துண்டுகளைப் பெற்றோர் கூட்டிக் குவித்து வைத்திருக்கும் இடங்களில், அவர்கள் கேட்டால் மட்டும், அந்தத் துண்டுகளைப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். பாதிப் பெயர் தெரிகிற ஒரு துண்டுக்காகத் தாய்மார் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வன்னிக் கல்லறைகளை யாரும் எழுதாமல் இல்லை. 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி நூல் எழுதிய ஆங்கிலேய நிர்வாகி ஜே. பி. லூயிஸ், 1913இல் இலங்கையின் கல்லறைக் கற்கள், நினைவுச் சின்னங்களின் பட்டியலையும் வெளியிட்டார். இன்றைக்கும் பயன்படுகிற பெரிய உழைப்பு அது. அதில் நிறைந்திருப்பவர்கள் ஐரோப்பிய அதிகாரிகளும் அவர்கள் குடும்பங்களும். வலை பின்னியவரும், வயல் விதைத்தவரும், பிள்ளைப்பேற்றில் செத்துப்போன இளம் தாயும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. அவர்களுடைய கற்களைத்தான் நீங்கள் எங்களுக்குக் காட்டினீர்கள்.

படங்களின் பிரதி அந்தந்தப் பங்குக்கும் பள்ளிவாசலுக்கும் பிரதேச சபைக்கும் கொடுக்கப்படுகிறது, யாரும் காசு கொடுக்கத் தேவையில்லை. போரில் பதிவேடுகள் தொலைந்த குடும்பங்களுக்கு இந்தப் படம் மரணச் சான்றிதழ் ஆகாது. ஆனால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) தேடுவதற்கு ஒரு திகதியும் ஒரு ஊரும் கையில் இருக்கும். பெயரோ உறவுமுறையோ பிழையாகப் பதிந்திருந்தால் சொல்லுங்கள், திருத்துவோம். நவம்பர் 2 மரித்தோர் தினத்துக்கு எல்லாரும் சேமக்காலைகளுக்கு வருவீர்கள். நாங்களும் அங்கே நிற்போம். இன்னும் பெயர் தெரியாத கற்களின் படங்களை அச்சடித்துக் கொண்டு வருகிறோம், வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நன்றியுடன்,
படம் எடுக்கும் பிள்ளைகள் சார்பில்,
கிளிநொச்சி